படகில் குடும்பம் நடத்துவது: சில வருட அனுபவம்

நகரத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் பாய்மரப் படகில் குடியேற நினைப்பவர்கள் பெரும்பாலும் பாய்களைப் பற்றியும் புயலைப் பற்றியும் கேட்கிறார்கள். கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் சில வருடங்களாகப் படகில் வாழும் நான் முதலில் நங்கூரத்தைப் பற்றித்தான் சொல்வேன். பாய் விரித்து ஓடும் நாட்கள் குறைவு. ஏதோ ஒரு விரிகுடாவில் நிற்கும் நாட்களே அதிகம். நால்வரும் தூங்குவது அந்த இரும்பை நம்பித்தான்.

கடலின் ஆழம் 5 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனை 1 மீட்டர் உயரம் என்றால், மொத்தம் 6 மீட்டர். அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 30 மீட்டர் நங்கூரச் சங்கிலியாவது இறக்க வேண்டும். காற்று வலுத்தால் ஏழு மடங்கு. ஆழத்தை, ஓதத்தால் கடல்மட்டம் ஏறியிருக்கும் நேரத்துக்கே கணக்கிட வேண்டும். சங்கிலி தரையோடு படிந்து இழுத்தால் நங்கூரம் மண்ணுக்குள் இறங்கும். மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்துவிடும். பணம் குறைவாக இருந்தால் மற்ற எதையும் தள்ளிப்போடுங்கள், நல்ல நங்கூரத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி எங்களுக்குப் பெரும் விடுதலை. ஆனால் அது மின்சாரத்தை விழுங்கும். உப்பை வடிகட்டும் அதன் சவ்வுக்குக் குளோரின் ஆகாது. எண்ணெய் மிதக்கும் துறைமுகத்தில் இயக்கக் கூடாது. மின்சாரத்தைச் சேமிக்கும் ஈய அமில பேட்டரியில் பாதிக்குமேல் செலவழித்தால் அதன் ஆயுள் சுருங்கும் என்பதால் லித்தியம் பேட்டரிக்கு மாறினோம். சோலார் தகட்டின் மேல் ஒரு கயிற்றின் நிழல் விழுந்தாலே உற்பத்தி குறைந்துவிடுகிறது.

சமையல், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றில் குறையில்லை. ஈரப்பதம்தான் ஓயாத தொல்லை. மெத்தைக்கு அடியில் காற்றோட்டம் இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அடிப்பாகத்துக்குப் பாசி தடுப்பு வண்ணம் பூசப் படகைக் கரையேற்றும் நாட்களில் ஏணி ஏறித்தான் வீட்டுக்குள் போக வேண்டும்.

பிள்ளைகள் நீச்சலையும் வானிலையையும் பழகிவிட்டார்கள். படகு ஓடும்போது உயிர்காப்பு அங்கி இல்லாமல் மேல்தளத்துக்கு வருவதே இல்லை. பாடங்களும் காலையில் ஒழுங்காக நடக்கின்றன. அவர்களுக்குக் குறைவது நண்பர்கள். இன்று சேர்ந்து விளையாடிய குழந்தையின் படகு நாளை வேறு திசையில் போய்விடுகிறது. பெரியவளை இது வாட்டுவதை நான் கண்ணால் பார்க்கிறேன். அதனால் குடும்பங்கள் தங்கும் விரிகுடாக்களில் நாங்களும் கூடுதலாகத் தங்குகிறோம். அடுத்த வருடம் அவள் பள்ளி செல்ல வசதியாக ஒரே துறைமுகத்தில் நிற்கப்போகிறோம்; படகிலேயேதான் இருப்போம்.