சிம்னி ரிப்பேருக்கு வந்து "போர்டு போச்சு" என்கிறார்களா? உஷார்!

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிச்சன் சிம்னியைச் சரிசெய்ய வந்த ஒருவர், போர்டின் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் 7,800 வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அது நேற்றுத்தான் தெரிந்தது. 7,800!

சிம்னிக்கு வந்த கோளாறு இதுதான். ஸ்விட்ச் போட்டால் விளக்கு எரியும். பேனலைத் தொட்டால் பீப் சத்தமும் வரும். ஆனால் விசிறி மட்டும் சுற்றாது. உள்ளே "ம்ம்ம்" என்று ஒரு முனகல், அவ்வளவுதான். விசிறி, வாஷிங் மெஷின், குழாய் என எல்லா ரிப்பேருக்கும் வீட்டுக்கே ஆள் அனுப்பும் செயலி ஒன்றில் பதிவு செய்தேன். பெயர் வேண்டாம், அந்த வகைச் செயலிகளை எல்லோருக்கும் தெரியும். ஆளின் போட்டோ, நட்சத்திரங்கள், "சரிபார்க்கப்பட்டவர்" என்று ஒரு பச்சை டிக், எல்லாமே இருந்தது.

வந்தவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். அடுப்பின் மேல் அழுக்கு விழாமல் தானே துணி விரித்தார். ஃபில்டரைக் கழற்றி, சிங்க்கில் வெந்நீரும் சோப்பும் ஊற்றி ஊறப்போட்டுவிட்டு, டார்ச் அடித்துக் காட்டினார். "பாருங்கக்கா, எவ்வளவு எண்ணெய்! இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கணும்ல?" என்றார். பரவாயில்லையே, வேலையில் அக்கறை உள்ள பையன் என்று நினைத்தேன். பிறகு, "சேஃப்டி முக்கியம்க்கா" என்று சொல்லி பிளக்கைப் பிடுங்கினார். பையிலிருந்து மீட்டரை எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் உள்ளே எங்கேயோ வைத்து, திரையை என் பக்கம் திருப்பினார். 0.00.

"சைபர் காட்டுது பாருங்க. போர்டு செத்துப்போச்சு. மோட்டாரையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிருச்சு."

பிளக்கைப் பிடுங்கிய மெஷினில் வோல்டேஜ் பார்த்தால் சைபர்தானே காட்டும்! இதைப் பிறகு வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் அண்ணன் சொல்லிவிட்டுச் சிரித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போர்டு, அதாவது சிம்னியை இயக்கும் சர்க்யூட் போர்டு, அதை மாற்றவும் மோட்டார் சர்வீஸுக்கும் சேர்த்து 7,800 என்றார். போர்டு வண்டியிலேயே இருக்கிறதாம், என் அதிர்ஷ்டமாம். "நீங்க மெயின் ஸ்விட்ச் பக்கத்துல நில்லுங்கக்கா, நான் சொல்லும்போது போடுங்க" என்று வாசல் பக்கம் அனுப்பிவிட்டார். அங்கிருந்து சமையலறை தெரியாது. ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் "போடுங்கக்கா!" என்று குரல் வந்தது. போட்டேன். சிம்னி ஓடியது.

"இப்ப நிறுத்தாதீங்க. அரை மணி நேரம் ஓடட்டும், புது போர்டு செட் ஆகணும்" என்றார். செட் ஆகவும் இல்லை, ஒன்றும் இல்லை. விசிறியைக் கையால் சுழற்றிவிட்டுத்தான் கிளப்பியிருக்கிறார். நிறுத்தினால் மறுபடி ஓடாது என்று அவருக்குத் தெரியும். அதற்குள் தெருவைத் தாண்டிவிட வேண்டுமே!

பழைய போர்டைக் கேட்டேன். "அது கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்க்கா" என்று கவரில் சுற்றிய எதையோ பைக்குள் போட்டுக்கொண்டார். வருகைக் கட்டணம் செயலியில் கட்டியாகிவிட்டது. உதிரிபாகத்துக்குத் தனி க்யூஆர் என்று, சீருடையில் குத்தியிருந்த அட்டையையே நீட்டினார். செயலியின் சின்னம் போட்ட அட்டை. 7,800 அதில் போனது.

மறுநாள் காலை ஸ்விட்ச் போட்டேன். விளக்கு எரிந்தது, பீப் வந்தது. "ம்ம்ம்."

அதற்கப்புறம்தான் கூத்து. அவருடைய நம்பருக்கு அடித்தால் "வண்டி ஓட்டிட்டு இருக்கேன்க்கா, அப்புறம் கூப்பிடறேன்". அப்புறம் ரிங் போகும், எடுக்க மாட்டார். அப்புறம் ரிங்கும் போகாது. செயலியின் அரட்டைப் பெட்டியில் முதலில் ஒரு இயந்திரம் பேசியது: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் சேவை வெற்றிகரமாக முடிந்துள்ளது." எது வெற்றி? அப்புறம் ஒரு ஆள் வந்தார், வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அடுத்த ஷிப்டில் வந்தவர் மறுபடியும் வீடியோ கேட்டார். மூன்றாவதாக வந்தவருக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் கிடைத்த பதில்: "7,800 எங்கள் செயலி வழியாகச் செலுத்தப்படவில்லை. அதற்கு நாங்கள் பொறுப்பல்ல."

உங்கள் சீருடை, உங்கள் சின்னம் போட்ட அட்டை, நீங்கள் அனுப்பிய ஆள். பணத்துக்கு மட்டும் பொறுப்பில்லையா? இப்படிக் கேட்டேன். "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்று வந்தது. மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்றேன். புகார் முடிக்கப்பட்டதாக மெசேஜ் வந்தது. இன்னொரு புகார் போட்டால், "இதே பிரச்சினை ஏற்கனவே தீர்க்கப்பட்டுவிட்டது" என்கிறது. ஃபோனில் கிடைத்த பெண் ஒருத்தி மட்டும் கொஞ்சம் மனிதத்தன்மையோடு பேசினாள். ஆனால் அவளும், "வேறு யாரையாவது விட்டுத் திறந்து பார்த்தீங்கன்னா வாரண்டி போயிடும் மேடம்" என்றாள். எந்த வாரண்டி?

போனால் போகட்டும் என்று தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். மூடியைத் திறந்ததுமே, "இதை யாருமே தொடலையேம்மா" என்றார். போர்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களின் தலையில் எண்ணெய்ப் பிசுக்கு பழுப்பாக இறுகிக் கிடந்தது. நட்சத்திர வடிவப் பள்ளமே தெரியவில்லை. நகத்தால் சுரண்டிய பிறகுதான் தெரிந்தது. அதே பிசுக்குக்கு மேலே பளபளவென்று புதிதாக ஒரு ஸ்டிக்கர், அதில் தேதியும் ஒரு கையெழுத்தும். 7,800-க்கு நான் வாங்கியது அந்த ஸ்டிக்கரைத்தான்.

உண்மையான கோளாறு மோட்டாரோடு சேர்ந்த கெபாசிட்டர். சின்ன டப்பா, ஒரு பக்கம் உப்பியிருந்தது. அண்ணன் விளக்கிச் சொன்னார்: முனகல் கேட்கிறது என்றாலே போர்டிலிருந்து மோட்டாருக்குக் கரண்ட் போகிறது என்றுதான் அர்த்தம். மோட்டார் கிளம்புவதற்கு வேண்டிய உந்துதலைக் கெபாசிட்டர்தான் கொடுக்க வேண்டும். அது பலவீனமானால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். பழையதில் அச்சிட்டிருந்த அதே அளவில் புதியது வாங்கி மாட்டினார். கொடுத்த 7,800-இல் இருபதில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

சிம்னியில் வரும் கோளாறுகளை வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இருக்கிற கோபத்தில் முடியவில்லை. தோன்றுவதைச் சொல்கிறேன்.

எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைப் பிடுங்குங்கள். முனகல் வந்து விசிறி சுற்றவில்லை என்றால், ஃபில்டரைக் கழற்றிவிட்டு விசிறியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் முதல் சந்தேகம் கெபாசிட்டர்மேல். இறுக்கமாக இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கோ பேரிங்கோ. கெபாசிட்டரை நீங்களே தொடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தேங்கியிருக்கும்.

புகையை இழுக்கவில்லை என்றால் ஓடவிட்டு ஃபில்டரில் ஒரு டிஷ்யூ பேப்பரை ஒட்டிப் பாருங்கள். நிற்காவிட்டால் ஃபில்டரைக் கழுவுங்கள். புகை வெளியேறும் குழாயின் வாயிலுள்ள மடிப்பு மூடி ஒட்டிக்கொண்டிருக்கிறதா, வெளிமுனையில் பறவை கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அடைத்துவைத்தாலும் இழுக்காது. 6 இன்ச் வாயில் 4 இன்ச் குழாயை மாட்டியிருந்தால் மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. குழாய் இல்லாத மாடலில் இருக்கும் கரி ஃபில்டரைப் பெரும்பாலும் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று, ஆறிய பிறகு தானாக ஓடினால் மோட்டார் சூடாகிறது என்று அர்த்தம். பேனல் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், சில நிமிடம் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள்.

ஆள் வந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள், எங்கே அனுப்பினாலும் போகாதீர்கள். கழற்றிய பாகம் உங்கள் கையில் இருக்க வேண்டும். மீட்டரில் சைபர் காட்டினால் பிளக் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் நிறுத்தி, மறுபடி போடச் சொல்லுங்கள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. செயலிக்கு வெளியே எந்த க்யூஆரும் வேண்டாம், யார் அட்டையாக இருந்தாலும் சரி.

யாராவது சிம்னிக்கு ஆள் வரச்சொல்லியிருந்தால், அவர் வருவதற்குள் பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, உள்ளே எதையும் தொடாமல், போர்டையும் அதன் ஸ்க்ரூக்களையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.