ஸ்பேம் கணக்கைப் பிடிக்க எது தேவலை: தனிக் கணக்கா, கூட்டமா?

சமூக ஊடகங்களில் ஸ்பேம் கணக்குகளை இயந்திரக் கற்றல் மூலம் பிடிக்க இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒவ்வொரு கணக்கையும் தனியாக எடைபோடலாம். அல்லது கணக்குகளுக்கு இடையே உள்ள தொடர்பைத் துருவலாம்.

முதல் வழியில் தொடங்குவது சுலபம். கணக்கின் வயது, பின்தொடர்வோர் விகிதம், பதிவுகளுக்கு நடுவிலான இடைவெளி, எத்தனை பதிவுகளில் லிங்க் என்று அட்டவணை போட்டு ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற, வகை பிரிக்கக் கற்கும் மாடலிடம் கொடுத்தால் போதும். 2014-இல் இண்டியானா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பாட்ஆர்நாட் (பின்னாளில் பாட்டோமீட்டர்) என்ற, தானியங்கிக் கணக்குகளைக் கண்டுபிடிக்கும் கருவி இந்த ரகம்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அம்சங்களை அலசியது.

சிக்கல் என்னவென்றால், அந்த அம்சங்களில் பலவற்றை ஸ்பேமர் மாற்றிக்கொள்ள முடியும். பழைய கணக்கை விலைக்கு வாங்கலாம், செயற்கை நுண்ணறிவில் முகப்படம் செய்யலாம். நேற்றைய ஸ்பேமில் பயின்ற மாடல் இன்றையதைக் கோட்டைவிடும்.

இரண்டாவது வழியை ஏமாற்றச் செலவு அதிகம். சிபில்ரேங்க் என்ற முறை, நம்பகமான சில கணக்குகளிலிருந்து நட்பு இணைப்புகள் வழியே நம்பிக்கையைப் பரப்பி, அது குறைவாக வந்து சேரும் கணக்குகளைச் சந்தேகிக்கிறது. 2012-இல் ஸ்பெயினின் துவென்டி என்ற சமூக வலைத்தளத்தில், அது அதிகம் சந்தேகித்த 2 லட்சம் கணக்குகளில் சுமார் 90% போலி என்று மதிப்பிட்டார்கள். பயனர் புகார்களை வைத்துச் சோதித்தவற்றில் போலி 5% தான்! ஆனால் யார் நட்பு கேட்டாலும் சரி என்று சொல்பவர்கள் நிறைந்த தளத்தில் இது தடுமாறும்.

இதே இரண்டாவது வழியில் வந்த ஃபேஸ்புக்கின் சின்க்ரோட்ராப் (2014) நட்பைப் பார்க்கவில்லை. ஒரே நேரத்தில் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும் கும்பலைத் தேடியது. ஒரு மாதத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகள் சிக்கின. எனக்குப் பிடித்தது இதுதான். ஆட்களை மறைக்கலாம், ஒரே வேலைக்காக ஏவப்பட்ட படையை மறைப்பது கஷ்டம். என்ன, ஹேஷ்டேக்கை டிரெண்டாக்கக் கிளம்பும் ரசிகர் பட்டாளமும் தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

எத்தனை சதவீதம் சரியாகச் சொன்னது என்ற துல்லிய எண்ணைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். நூற்றுக்கு இரண்டுதான் ஸ்பேம் என்றால், எல்லாமே நல்லவை என்று சொல்லும் மாடலுக்கும் 98% கிடைக்கும். பிடித்ததில் எத்தனை உண்மையான ஸ்பேம், எத்தனை தப்பித்தன என்றுதான் கேட்க வேண்டும்.

அப்புறம், இப்போதுதான் சேர்ந்த கணக்குக்கு நண்பர்களும் இல்லை, நடவடிக்கையும் இல்லை. அங்கே முதல் வழியை விட்டால் வேறு கதி கிடையாது. அதன் மதிப்பெண்ணை நம்பி உடனே முடக்காமல், கேப்சாவோ (மனிதர்தானா என்று சோதிக்கும் புதிர்) தொலைபேசிச் சரிபார்ப்போ கேட்டு நிறுத்தினால் போதும்.