போடி ஏலக்காய்க் கடை: டப்பாவுக்கு டப்பா ஊர் பெயர் எழுதி விற்கிறார்கள்

ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் போடிநாயக்கனூரில் ஒரே கடையில்தான் சாமான் வாங்குகிறேன். பெயர் போட வேண்டாம், இருக்கிற கூட்டமே போதும் என்று கடைக்கார அண்ணன் சொல்லிவிட்டார். ஏலக்காய் குடோன்கள் இருக்கிற பக்கம் போய், உள்ளே நாலைந்து அக்காமார் சுளகில் காய் பொறுக்கிக்கொண்டிருக்கிற சில்லறைக் கடை எது என்று கேட்டால் காட்டிவிடுவார்கள்.

இந்தக் கடையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் விலை இல்லை, துண்டுச் சீட்டு. ஒவ்வொரு டப்பாவிலும் சரக்கு எந்த ஊர், எந்த மாதம் வந்தது என்று பேனாவில் எழுதி ஒட்டியிருப்பார். உலகத்திலேயே அதிகமாக மசாலாப் பொருள் விளைவதும் நம் நாட்டில்தான், அதிகமாகச் சாப்பிடுவதும் நாம்தான் என்று படித்திருப்போம். அந்தச் சீட்டுகளை ஒரு தடவை வரிசையாகப் படித்துப் பாருங்கள், நம் குழம்பில் எத்தனை நாடு இருக்கிறது என்று தெரியும்.

முதலில் ஏலக்காய். இங்கே யாரும் ஏலக்காய் என்று முழுசாகச் சொல்வதில்லை, வெறும் ‘காய்’தான். எட்டு எம்எம், ஏழு எம்எம் என்று சலித்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள். போன மாதம் நான் போனபோது எட்டு எம்எம் காயில் ஒன்றை நகத்தால் பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார்: “விதை கறுப்பா, பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு இருக்கா பாருங்க தம்பி. வெளுத்து உதிர்ந்தா அது முத்தாத காய்.” அப்புறம் ஒரு லிட்டர் படியில் காயை அள்ளித் தராசில் வைத்துக் காட்டினார், நானூறு கிராமுக்கு மேல் நின்றது. வியாபாரிகள் பார்க்கிற ‘லிட்டர் வெயிட்’ இதுதான். காய் பார்க்கப் பெரிதாக இருந்தாலும் உள்ளே விதை நிறையவில்லை என்றால் இந்த எடை நிற்காது. சில்லறைக்கு நூறு கிராம் வாங்க வந்தவனுக்கு இவ்வளவு பொறுமையாகக் காட்டுகிற கடை வேறு எங்கே இருக்கிறது?

மூணாறு போகிற வழியில் ஒரு கடையில் ஒரு முறை பச்சைப் பசேலென்று காய் வாங்கி ஏமாந்தேன். வீட்டில் வெந்நீரில் போட்டால் தண்ணீர் பச்சையாகிவிட்டது, சாயம். அதற்குப் பிறகுதான் போடிக்கே வர ஆரம்பித்தேன்.

விலையைப் பொறுத்தவரை, அந்த வாரம் மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்தில் போன விலையை ஒட்டித்தான் சொல்வார். ஏலம் போடியிலும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் புற்றடியிலும் நடக்கிறது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கித் தோட்டங்கள் சரிந்து, அடுத்த வருஷம் மழையும் தள்ளிப்போய், 2019 ஆகஸ்டில் ஏலத்தில் உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அப்போது இந்த அண்ணன் பத்து பத்து கிராமாகப் பொட்டலம் கட்டி விற்றார், பழைய ஸ்டாக்கைப் புதுசு என்று சொல்லித் தள்ளவில்லை. அப்புறம் எல்லோரும் நட்டுத் தள்ளி, 2022-ல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே வந்து, தோட்டக்காரர்கள் உரத்துக்குக்கூடக் கட்டவில்லை என்று அழுதார்கள். 2024 கோடையில் செடிகள் கருகி, வருஷக் கடைசியில் மறுபடி மூவாயிரத்தை ஒட்டிப் போனது. வாங்குகிற நமக்கு ஏற்றம் மட்டும்தான் தெரிகிறது, அந்த இறக்கத்தைத் தாங்கினது மலையில் இருக்கிறவர்கள். உலகச் சந்தையில் இன்றைக்குப் பெரிய கை குவாத்தமாலா. அந்த ஊர்க்காரர்கள் ஏலக்காயை அவ்வளவாகச் சமைப்பதே கிடையாது, விளைவதெல்லாம் ஏற்றுமதிக்குத்தான்.

மிளகு இரண்டு டப்பா. ஒன்றில் ‘இடுக்கி’, இன்னொன்றில் ‘இலங்கை’. மிளகில் நாம்தான் ராஜா என்ற காலம் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இப்போது முதலிடம் வியட்நாமுக்கு. இலங்கையோடு நாம் போட்ட வர்த்தக ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 2,500 டன் மிளகு அங்கிருந்து வரியில்லாமல் வரலாம். மலிவான வெளிநாட்டு மிளகு வந்து குவிந்து நம் விவசாயி அடிபடுகிறான் என்று 2017 டிசம்பரில் இறக்குமதிக்குக் கிலோவுக்குக் குறைந்தபட்சம் 500 ரூபாய் என்று அரசு விலை கட்டியது. இலங்கை மிளகு மட்டமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், காரம் அதில்தான் தூக்கல். ரசத்துக்கு நான் அதைத்தான் வாங்குகிறேன். அதை நம் மிளகோடு கலந்து உள்ளூர்ச் சரக்கு என்று விற்பதுதான் தப்பு.

பட்டையில்தான் இந்தச் சீட்டின் அருமை தெரியும். நாம் பிரியாணிக்குப் போடுகிற தடித்த, கெட்டியான பட்டை பெரும்பாலும் வியட்நாம், சீனா, இந்தோனேசியாவிலிருந்து வருகிற காசியா. இலங்கைச் சுருள்பட்டை வேறு மரம்: காகிதம் மாதிரி மெல்லிசு, சுருளுக்குள் சுருளாக இருக்கும், விரலில் அழுத்தினால் நொறுங்கும், விலையும் பல மடங்கு. தினமும் பட்டைத் தண்ணீர் குடிக்கிறவர்கள் கண்டிப்பாகச் சுருள்பட்டை கேட்டு வாங்குங்கள், காசியாவில் இருக்கிற கூமரின் என்ற வேதிப்பொருள் தொடர்ந்து உள்ளே போனால் ஈரலுக்கு ஆகாது.

கிராம்பில் ‘மாறாமலை’ என்ற சீட்டைப் பார்த்தால் யோசிக்காமல் எடுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மலைக் கிராம்பு, 2021-ல் புவிசார் குறியீடு வாங்கியது. மொட்டு உடையாமல் இருக்கும், வாயில் போட்டால் நாக்கு மரத்துவிடும். வருஷம் பூரா கிடைக்காது, தீர்ந்துவிட்டால் மடகாஸ்கர் சரக்குதான்.

சீரகம் குஜராத் ஊஞ்சாவிலிருந்து. 2023-ல் குவிண்டால் அறுபதாயிரத்தைத் தாண்டிய சமயம், “இப்ப நிறைய வாங்காதீங்க, அடுத்த வெள்ளாமை வந்தா இறங்கும்” என்று அவரே தடுத்தார். சொன்னபடி 2024-ல் பாதிக்கும் கீழே வந்தது.

குறைகளும் உண்டு. இவ்வளவு நல்ல சரக்கை மெல்லிசு பாலிதீன் கவரில் கட்டிக் கொடுக்கிறார்கள், ஊர் போய்ச் சேர்வதற்குள் வாசனை பையெல்லாம் பரவிவிடும். மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டில் கொண்டுபோங்கள், நிரப்பித் தருவார்கள். சாம்பார் பொடி, கறி மசாலா வாங்க வேண்டாம், வெளியே அரைத்து வருவது, மல்லி தூக்கலாக இருக்கிறது. கூரியரில் அனுப்பினால் தாமதமாகிறது. ஞாயிறு கடை இல்லை.

பெருங்காயம் கட்டியாகக் கிடைக்கும், சீட்டில் ‘ஆப்கானிஸ்தான்’ என்று இருக்கும். இத்தனை சாம்பார் வைக்கிற நாட்டில் பெருங்காயச் செடி வெகுகாலம் பயிராகவே இல்லை. 2020 அக்டோபரில்தான் இமாச்சலத்தில் லாஹுல் பள்ளத்தாக்கில் க்வாரிங் என்ற கிராமத்தில் முதல் நாற்றை நட்டார்கள், பெருங்காயமாகக் காய்கிற வேர்ப் பாலை எடுக்க அஞ்சு வருஷமாவது வேண்டும். அந்த டப்பாவில் ‘லாஹுல்’ என்று சீட்டு ஒட்டுகிற அன்றைக்கு முதல் நூறு கிராம் எனக்கு என்று அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் நோட்டில் எழுதிக்கொண்டார்.