நாக்பூர் ஆரஞ்சா, குடகு ஆரஞ்சா?

தள்ளுவண்டியில் இரண்டு குவியல். ஒன்று பளிச்சென்ற நாக்பூர் ஆரஞ்சு, மற்றது பச்சையும் மஞ்சளுமாகக் குடகு ஆரஞ்சு. பெரும்பாலும் கை நாக்பூர் பக்கம்தான் போகும். குடகுப் பழத்தைப் பார்த்து "இது இன்னும் காய்" என்று ஒதுக்கிவிடுகிறோம். பாவம், அது காயே இல்லை.

ஆரஞ்சுத் தோலில் பச்சை மறைய இரவுக் குளிர் வேண்டும். சுமார் 13 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். சுளை இனிக்க அந்தக் குளிர் கட்டாயமில்லை. நாக்பூரில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 10 டிகிரி வரைகூடப் போகும். பகலில் நல்ல வெயில். தோல் சிவக்க இதைவிட என்ன வேண்டும்? குடகில் காபிச் செடிகளுக்கு நடுவே, நிழலிலும் ஈரக்காற்றிலும் நிற்கிற மரத்துக்கு அப்படிப்பட்ட இரவுகள் குறைவு. பழுத்த பிறகும் தோலில் பச்சை தங்கிவிடுகிறது.

சுவைக்கு வருவோம். வெப்பம் கூடினால் பழத்தின் புளிப்பு வேகமாகக் குறையும். குடகின் மிதமான வெயிலில் அது மெல்லத்தான் இறங்கும். அதனால்தான் அந்தப் புளிப்பும் இனிப்பும் கலந்த ருசி. எனக்கு அதுதான் பிடிக்கும்.

நாக்பூரை ஒரே பழமாக நினைக்காதீர்கள். அங்கே இரண்டு பருவம். ஜனவரி, பிப்ரவரியில் பூப்பது அம்பியா பகார். கொளுத்தும் கோடையைப் பிஞ்சாகவே கடந்து, ஆண்டுக் கடைசியில் சந்தைக்கு வரும். மழை தொடங்கும்போது பூப்பது மிருக் பகார்; முழுக் குளிர்காலத்தையும் மரத்திலேயே கழித்துவிட்டு பிப்ரவரி, மார்ச்சில் வரும். நிறத்திலும் இனிப்பிலும் மிருக்தான் ஒரு படி மேல். அம்பியாவில் சீக்கிரம் பறித்தது பச்சையாக இருந்தால் எத்திலீன் வாயுவில் வைத்து நிறம் ஏற்றலாம். மாறுவது தோல் மட்டும்தான். பறித்த ஆரஞ்சு மேற்கொண்டு இனிக்காது. மாம்பழம் மாதிரி அரிசிப் பானைக்குள் புதைத்தும் பயனில்லை.

குடகின் தோல் சுளையோடு ஒட்டியிருக்கும். உரிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் கூடுதல் நாள் தாங்கும். நாக்பூர் தோல் தொளதொள.

டிசம்பரில் என் பை குடகுப் பழத்தால்தான் நிறையும். பிப்ரவரி பிறந்ததும், சரி, நானும் நாக்பூர் குவியல் பக்கம் போய்விடுவேன்.