ரிவால்வர் ஹேண்ட்லோடுக்கு க்ரோனோகிராஃப் – ரொம்ப நாள் யூஸ் பண்ண அனுபவம்

முதல்லயே சொல்லிடறேன், க்ரோனோ (புல்லட் வேகத்த அளக்கற மெஷின்) வாங்கிட்டா டார்கெட்ல குரூப் (குண்டுங்க சேந்து விழற பரப்பு) சின்னதாகிடும்னு நினைச்சு வாங்காதீங்க. புல்லட் எவ்ளோ வேகத்துல போகுது, ரவுண்டுக்கு ரவுண்டு எவ்ளோ மாறுது, இது ரெண்டையும்தான் அது சொல்லும், எங்க போய் விழும்ங்கறது வேற கணக்கு. ஆனாலும் இது இல்லாம நான் இப்ப எந்தப் புது லோடையும் (அதாவது வெடிமருந்தும் புல்லட்டும் சேத்து நானே தயாரிக்கற தோட்டாவ) நம்பறதில்ல.

நான் அதிகம் சுடுறது .38 ஸ்பெஷல் தோட்டா, 4 இன்ச் பேரல் ஆறு ரவுண்டு ரிவால்வர்ல, 158 கிரெய்ன் (புல்லட் எடைக்கான அளவு) லெட் புல்லட்டும் 148 கிரெய்ன் வாட்கட்டரும் (தட்டை முனை புல்லட்). வெடிமருந்து அளவெல்லாம் இங்க எழுத மாட்டேன், கேக்காதீங்க, மருந்து கம்பெனி மேனுவல்ல இருக்கறத மட்டும் பாருங்க, அதுவும் ஆரம்ப அளவுல இருந்து. உங்க ஊர் சட்டமும் லைசன்சும் வீட்ல ரீலோடிங் பண்ண விடுதாங்கறது அதுக்கும் முன்னாடி பாக்க வேண்டியது.

மொதல்ல வெச்சிருந்தது ஆப்டிகல் டைப். ரெண்டு சென்சாருக்கு மேல புல்லட்டோட நிழல் கடந்து போற நேரத்த வெச்சு வேகம் கணக்குப் போடும். நல்ல மேகமூட்டமான நாள்ல ஜம்முனு வேலை செய்யும், சாயங்கால வெயில் சைடுல அடிச்சா ரீடிங்கே வராது, இல்லன்னா நம்பவே முடியாத ஒரு நம்பர் வரும். மூடின ரேஞ்ச்ல டியூப்லைட் துடிப்பு பட்டா அதுக்கும் எரர் காட்டும், அங்க தனியா இன்ஃப்ராரெட் லைட் செட் வெக்கணும். துப்பாக்கி முனைக்கு ரொம்பப் பக்கத்துல வெச்சா புல்லட்டுக்கு முன்னாடி வர்ற வாயுவையும் எரியாத மருந்துத் துகளையும் படிச்சுட்டு தப்பா சொல்லும், அதனால 3 – 4 மீட்டர் தள்ளி வெச்சேன். சென்சார் இடைவெளி சுமார் 30 சென்டிமீட்டர்தான், அதுல 3 மில்லிமீட்டர் பிசகினா வேகத்துல ஒரு சதவீதம் பிசகும், மடக்கற டைப்ப முழுசா விரிக்காம விட்டா இதான் நடக்கும். சென்சார் மேல நிக்கற கம்பி மெட்டல்ல வந்துச்சுன்னா மெல்லிசு மரக்குச்சியா மாத்திடுங்க, யாராச்சும் ஒருநாள் அதை சுட்டே தீருவாங்க, மரம்னா குச்சியோட போயிடும்.

இப்ப டாப்ளர் ராடார் டைப்புக்கு (புல்லட்ல பட்டுத் திரும்பற ரேடியோ அலைய வெச்சு வேகம் பாக்கறது) மாறிட்டேன். வெளிச்சத் தொல்லை இல்ல, சுடுற லைனுக்கு முன்னாடி போய் எதையும் நட்டு வெக்க வேண்டியதில்ல, அதனால ரேஞ்ச மூடச் சொல்லி மத்தவங்கள காக்க வெக்கிற வேலையும் இல்ல. பக்கத்து லேன்காரர் ரைஃபிள எப்பவாவது என் கணக்குல எழுதி வெச்சிடும், ஆனா செகண்டுக்கு 800 அடி வரிசையில திடீர்னு 2,700 வந்தா யாருதுன்னு தெரியாதா என்ன, அழிச்சுட்டு போக வேண்டியதுதான். ரிவால்வர் ஆளுங்க மட்டும் ஒண்ணு கவனிக்கணும்: சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்கற இடைவெளில இருந்து சைடுல சூடா வாயு பீய்ச்சும், ராடார அந்த லைன்ல வெச்சுடாதீங்க, பின்னாடி தள்ளியே வைங்க. கை விரலுக்கும் அதே எச்சரிக்கைதான்.

சரி, நம்பருக்கு வருவோம். .38 ஸ்பெஷல்ல பெரிய தலைவலி மருந்து கேஸுக்குள்ள (தோட்டாவோட கூட்டுக்குள்ள) எங்க கிடக்குங்கறது. இந்தக் கேஸ் 1898 வாக்குல கரும்மருந்துக் காலத்துல வந்தது, அதுக்கு ஏத்த மாதிரி உள்ள இடம் ஜாஸ்தி. இப்ப இருக்கற வேகமா எரியற புகையில்லா மருந்து அதுல அடியில கொஞ்சூண்டுதான் கிடக்கும், மீதி காலி. முனைய மெதுவா மேல தூக்கி இறக்கி சுட்டா மருந்து பிரைமர் (கேஸ் அடியில இருந்து மருந்த பத்த வெக்கறது) பக்கம் இருக்கும், வேகம் ஏறும். கீழ சாய்ச்சு நிமித்தி சுட்டா புல்லட் பக்கம் போயிடும், வேகம் இறங்கும். சில மருந்துல இந்த ரெண்டுக்கும் நடுவுல செகண்டுக்கு 50 அடிக்கு மேலயே வித்தியாசம் வரும், வேற சிலதுல பெருசா தெரியாது. புது மருந்து எது எடுத்தாலும் நான் முதல்ல பண்றது இந்த டெஸ்ட்தான், ரேஞ்ச் ஆபீசர்கிட்ட சொல்லிட்டு, முனை பேக்ஸ்டாப்ப (டார்கெட்டுக்குப் பின்னாடி புல்லட்ட தடுக்கறது) தாண்டாம. இதைப் பாக்காம ஒரே லோடுக்கு ஒருநாள் ஒரு நம்பர், இன்னொரு நாள் வேற நம்பர் வருதுன்னு மெஷினத் திட்டறவங்க நிறைய பேர்.

அடுத்தது எஸ்டி, அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன், ரவுண்டுக்கு ரவுண்டு வேகம் எவ்ளோ சிதறுதுங்கற கணக்கு. அஞ்சு ரவுண்டு சுட்டு எஸ்டி 6 வந்துச்சுன்னு போட்டோ போடறத பாத்தா எனக்கு சிரிப்பு வரும். அஞ்சு ஷாட்ல எஸ்டி 10னு வந்தா உண்மையான எஸ்டி 6ல இருந்து 29 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம், 95 சதவீத நம்பிக்கைக்கு கணக்கு அப்படித்தான் வருது. பத்து ஷாட்ல அதே 10 வந்தா 7ல இருந்து 18, முப்பது ஷாட் போனாதான் 8ல இருந்து 13னு சுருங்கும். ரெண்டு லோடு, ஒண்ணு எஸ்டி 9, இன்னொண்ணு 13, இதுல எது நல்லதுன்னு ஒரு சிலிண்டர் சுட்டு முடிவு பண்றது வேஸ்ட்.

அதைவிட முக்கியம், 25 மீட்டர்ல இந்த எஸ்டியால என்ன ஆகப்போகுதுன்னு யாரும் கணக்குப் போடறதில்ல. செகண்டுக்கு 230 மீட்டர்ல போற புல்லட் 25 மீட்டர் போறதுக்குள்ள சுமார் 58 மில்லிமீட்டர் இறங்கும், 236ல போனா 55. அதாவது 20 அடி வேக வித்தியாசத்துக்கு டார்கெட்ல 3 மில்லிமீட்டர். அதுலயும் ரிவால்வர்ல மெதுவா போற புல்லட் பேரலுக்குள்ள கொஞ்சம் ஜாஸ்தி நேரம் இருக்கும், அதுக்குள்ள ரீகாயில்ல முனை மேல தூக்கிடும், அதனால மெதுவானது மேல விழறதும் உண்டு, ரெண்டும் ஒண்ண ஒண்ணு கொஞ்சம் அடிச்சுக்கும். எனக்கு எஸ்டி அழகா வந்த லோடு குரூப்ல சொதப்பினதும், எஸ்டி அசிங்கமா இருந்த வாட்கட்டர் லோடு ஒரே ஓட்டையா போட்டதும் இதனாலதான்.

அப்ப குரூப்ப கெடுக்கறது எது? என் அனுபவத்துல பாதி நேரம் சிலிண்டர்தான். ஆறு சேம்பரும் (சிலிண்டர்ல தோட்டா உக்கார்ற ஓட்டை) ஆறு தனித்தனி துப்பாக்கி, அப்படித்தான் எடுத்துக்கணும். மார்க்கர்ல 1ல இருந்து 6 வரைக்கும் நம்பர் போட்டு, ஒரே சேம்பர்ல மட்டும் ரவுண்டு போட்டு தனித்தனி டார்கெட்ல சுட்டு பாருங்க, ஒரு சேம்பர் மட்டும் எப்பவும் ஒதுங்கி விழும், அதைத்தான் எல்லாரும் "ஃப்ளையர்"னு சொல்லி விரல் மேல பழி போட்டுட்டு இருப்போம். சேம்பரோட முன் வாய் டைட்டா இருந்தா லெட் புல்லட்ட அங்கேயே நசுக்கிடும், அப்புறம் பேரல் குரூவ்ல சரியா பிடிக்காது, ஈயம் வேற ஒட்டும். பின் கேஜ் (ஓட்டை அளக்கற குச்சி) வெச்சு ஆறையும் அளந்து பாத்தா தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு கிரிம்ப், அதாவது கேஸோட வாய புல்லட் மேல இறுக்கி மடக்கறது. பலவிதமான கேஸக் கலந்து போட்டா நீளம் மாறும், நீளமா இருக்கற கேஸ்ல கிரிம்ப் அழுத்தமா விழும், குட்டையா இருக்கறதுல லூசா விழும், வேகமும் அதுக்கேத்த மாதிரி ஆடும். லைட் வெயிட் துப்பாக்கில .357 மேக்னம் தோட்டா சுடறவங்க அஞ்சு ரவுண்டு சுட்டுட்டு ஆறாவத வெளிய எடுத்து நீளம் அளங்க, ரீகாயில்ல புல்லட் முன்னாடி நகர்ந்திருந்தா கிரிம்ப் பத்தல, ரொம்ப நகர்ந்தா சிலிண்டரே சுத்தாம மாட்டிக்கும்.

எனக்கு க்ரோனோவோட உண்மையான பலன் ரெண்டு. ஒண்ணு, மேனுவல்ல போட்டிருக்கற வேகத்த தாண்டி வந்தா நான் அங்கயே நிறுத்திடுவேன், பிரஷர் ஏறினதுக்கு அடையாளமா பிரைமர் தட்டையாச்சா இல்லையான்னு பாத்துட்டு இருக்க மாட்டேன். .38 ஸ்பெஷலோட பிரஷர் லிமிட் 17,000 பிஎஸ்ஐ, .357 மேக்னம் 35,000. .38 லிமிட்ட தாண்டினா கூட பிரைமர் ஒண்ணுமே ஆகாத மாதிரிதான் இருக்கும், ஆனா வேகம் சும்மா ஏறாது, பிரஷர் ஏறினாதான் ஏறும். மேனுவல் நம்பர் எந்தப் பேரல்ல எடுத்ததுன்னும் பாருங்க, சிலிண்டர் இடைவெளி இல்லாத நீள டெஸ்ட் பேரல்ல எடுத்தத உங்க 4 இன்ச் ரிவால்வர்ல தேடி மருந்த ஏத்திட்டே போறது ஆபத்து.

ரெண்டாவது, போட்டி. சில போட்டில பவர் ஃபேக்டர் குறைஞ்சது 125 இருக்கணும்னு கேப்பாங்க, அதாவது புல்லட் கிரெய்ன பெருக்கல் வேகம் வகுத்தல் 1000. சாதாரண 158 கிரெய்ன் லோடு 755 அடில போனா 119தான் வரும், ஃபெயில். குறைஞ்சது 792 வேணும், நான் 820 பக்கத்துல வெச்சுக்குவேன், ஏன்னா அங்க இருக்கற மெஷினும் நம்ம மெஷினும் ஒரே மாதிரி படிக்கணும்னு கட்டாயம் இல்ல, குளிர் நாள்ல வேகம் இறங்கவும் செய்யும்.

சத்தம் மந்தமா வந்து ரீடிங்கும் வரலன்னா மெஷினப் பாக்காதீங்க, துப்பாக்கிய இறக்கி, காலி பண்ணி பேரலப் பாருங்க. புல்லட் உள்ள மாட்டியிருந்தா அடுத்த ரவுண்டுல பேரல் போயிடும். அதே மாதிரி இந்தக் கேஸ்ல ரெண்டு தடவை மருந்து விழுந்தாலும் வழியாது, வெளிய தெரியாது. புல்லட் வெக்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு ஒவ்வொரு கேஸா உள்ள பாக்கறத நான் விட்டதில்ல, இதுக்கு எந்த க்ரோனோவும் உதவாது.

வாங்கறதுன்னா, மூடின ரேஞ்ச்ல சுடறவங்க யோசிக்காம ராடாருக்கு போயிடுங்க. திறந்த வெளி, சொந்தமா நேரம் எடுத்து சுட முடியும்னா ஆப்டிகலே தாராளமா போதும், துல்லியத்துல பெரிய குறை ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு மேனுவல் லோடு, அதுவும் நடு அளவுல, 15 மீட்டர்ல பேப்பர் சுடறவங்களுக்கு எதுவுமே வேணாம், நண்பர்கிட்ட ஒரு நாள் இரவல் வாங்கி செக் பண்ணிட்டு, மிச்ச காச பிரைமர்ல போடுங்க.