அமெரிக்க மூலப் பிரதியா, பழைய தமிழ் காமிக்ஸா? கடற்காற்றில் எது தாங்கும்

பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் சேர்க்கலாம் என்று திருகோணமலையில் ஒருவர் நினைத்தால் அவர் முன்னால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 1960களிலும் 70களிலும் அமெரிக்காவில் அச்சான மார்வெல், டிசி மூலப் பிரதிகளை இணையத்தில் ஏலம் எடுத்து வரவழைப்பது. மற்றது, தமிழில் வந்த முத்து, லயன், ராணி, இந்திரஜால் காமிக்ஸ்களைத் தேடிப் பிடிப்பது. நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை. அதனால் இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஒளிக்கவில்லை. காரணம் பழைய பாசமோ விலையோ மட்டும் இல்லை. பராமரிப்புத்தான் முதற் காரணம்.

அமெரிக்கப் பிரதிகளுக்கு உள்ள பலத்தை முதலில் சொல்லிவிடலாம். என்ன வாங்குகிறோம் என்பது அங்கே தெளிவாக இருக்கும். எந்த இதழ், எந்த மாதம், யார் வரைந்தது, எந்தக் கதாபாத்திரம் முதலில் வந்தது என்று எல்லாமே பதிவில் இருக்கிறது. நிலையை 0.5 முதல் 10 வரை அளக்கிறார்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து சிஜிசி என்ற நிறுவனம் பிரதியைப் பரிசோதித்து, புள்ளி போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் மூடித் தருகிறது. விற்கும்போது வாங்குபவர் அந்தப் புள்ளியை நம்புவார். தமிழ் காமிக்ஸில் இப்படி எதுவும் கிடையாது. விலைப் பட்டியலும் இல்லை, நிலைக்கு ஒப்புக்கொண்ட அளவுகோலும் இல்லை. "நல்ல கண்டிஷன்" என்று ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கிழிசல். இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்கப் பக்கம் மிகவும் முன்னால் நிற்கிறது.

தமிழில் வந்ததெல்லாம் சூப்பர் ஹீரோ கணக்கில் சேருமா என்று சிலர் கேட்பதுண்டு. தாராளமாகச் சேரும். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவி. அது 1962இல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் தொடங்கிய தொடர். ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. 1984இல் வந்த லயன் காமிக்ஸின் ஸ்பைடர், பிரிட்டனின் லயன் வார இதழில் 1965இல் தொடங்கியவன். அவனுடைய கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். ஆங்கிலத்தில் ஃபேண்டம் எனப்படும் வேதாளரோ 1936இலேயே வந்துவிட்டார், சூப்பர்மேனுக்கு இரண்டு வருடம் முன்னால். வாங்கும்போது ஒரு கவனம் தேவை. முத்து காமிக்ஸில் மாயாவி என்றால் இரும்புக்கை. ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் முகமூடி போட்ட வேதாளர். தொலைபேசியில் பேரம் பேசும்போது பதிப்பகத்தின் பெயரையும் இதழ் எண்ணையும் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம்.

இனிப் பராமரிப்பு. அமெரிக்கப் பிரதியில் நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் நிலைக்கு. 9.4க்கும் 9.0க்கும் நடுவில் இருப்பது முதுகு மடிப்பில் சில மில்லிமீற்றர் நீளக் கோடுகள்தான். நிறம் உடைந்து உள்ளே இருக்கும் வெள்ளைத் தாள் தெரியும் கோடுகள். முக்கியமான இதழென்றால் அந்தக் கோடுகளுக்கே பெருந்தொகை குறையும். தமிழ்ப் பிரதியில் காசு கொடுப்பது அது கிடைத்ததற்காக. எழுபதுகளின் முத்து காமிக்ஸ் ஒன்று அட்டையோடும் எல்லாப் பக்கங்களோடும் கையில் வந்தாலே பெரிய காரியம். மூலை மழுங்கியிருந்தாலும், உள்ளே பேனாவில் ஒரு பையனின் பெயரும் வகுப்பும் எழுதியிருந்தாலும் அதை வாங்க ஆள் இருக்கிறது. திருகோணமலைக் காற்று அரிப்பது நிலையை. அப்படியானால் அமெரிக்கப் பிரதியை இங்கே வைத்திருப்பவர், எதற்காகக் காசு கொடுத்தாரோ அதையே மாதா மாதம் இழந்துகொண்டிருப்பார்.

இரு பக்கமும் உள்தாள் மலிவான பத்திரிகைத் தாள்தான். மரக்கூழில் உள்ள லிக்னின் வெளிச்சத்திலும் சூட்டிலும் பழுக்கும், அமிலம் ஊறும், தாள் நொறுங்கும். இதை எங்கும் முழுதாக நிறுத்த முடியாது. நம் ஊரில் கூடுதலாக வருவது உப்பு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த அறையில் வைத்த புத்தகத்தில் தாள்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பிப் பின் மிக விரைவில் துருப்பிடிக்கும். நடுப்பக்கத்தை விரித்தால், பின்னின் கால்கள் மடங்கிய இடத்தில் தேயிலைச் சாயம் போல ஒரு வட்டம் தெரியும். அந்தத் துரு பின்னோடு நிற்பதில்லை. சுற்றியுள்ள தாளை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கும். பிறகு நடுத்தாள் கழன்று வரும், கடைசியில் அட்டையும் கழன்று வரும்.

வைத்தியமும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான், விளைவுதான் வேறு. நடுப்பக்கத்தைத் திறந்து, மெல்லிய தகட்டை நுழைத்துப் பின்னின் கால்களை நிமிர்த்தி, முதுகுப் பக்கத்திலிருந்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். துருத்தூளை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, அதே ஓட்டைகளின் வழியே துருப்பிடிக்காத எஃகுப் பின்னையோ வெள்ளைப் பருத்தி நூலையோ போடலாம். தமிழ்ப் பிரதிக்கு இப்படிச் செய்து, விற்கும்போது சொல்லிவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அமெரிக்கப் பிரதியில் பின் மாற்றினால் அது பழுதுபார்க்கப்பட்ட பிரதி என்று சிஜிசி லேபிளில் பதிவாகும், விலை விழும். மாற்றாமல் விட்டால் துரு புள்ளியைக் குறைக்கும். இரண்டு பக்கமும் அடி.

உறைக்குள் மூடிய பிரதிக்கு இந்தக் கவலை இல்லையே என்பார்கள். அந்த உறை காற்றுப் புகாத பெட்டி கிடையாது. ஈரம் மெதுவாக உள்ளே போகும். உள்ளே நடப்பதைப் பார்த்துச் சரிசெய்யவும் முடியாது. உறையை உடைத்தால் புள்ளி போய்விடும், மறுபடி புளோரிடாவுக்கு அனுப்ப வேண்டும். என் கையில் நீண்ட காலம் இருந்தவை தமிழ்ப் பிரதிகளே என்பதால், மூடிய பிரதிகள் பற்றி நான் சொல்வதை ஓர் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

எதைச் சேர்த்தாலும் பாதுகாக்கும் முறை ஒன்றுதான். ரப்பர் வளையம் உள்ள மூடியோடு பொலிபுரோப்பிலீன் பெட்டி ஒன்று வாங்குங்கள். முப்பது லீற்றர் அளவு வசதி. உள்ளே இருநூறு முதல் இருநூற்றைம்பது கிராம் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரமானி ஒன்றும் வையுங்கள். ஈரமானி 45 முதல் 55 சதவீதத்துக்குள் காட்டினால் நிம்மதி. 35க்குக் கீழே போனால் தாள் மொறுமொறுத்து மடிப்பில் உடையும், எனவே ஜெல்லை அள்ளிக் கொட்டவும் கூடாது. நிறம் மாறும் ஜெல்லில் செம்மஞ்சள் வகையைக் கேட்டு வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நச்சு. நிறம் மாறியதும் 120 பாகை செல்சியசுக்கு மேல் போகாமல் ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும்.

பெட்டியை எப்போது மூடுகிறோம் என்பது பலர் கவனிக்காத விஷயம். கார்த்திகை மழையில் மூடினால் ஈரத்தையும் சேர்த்து மூடியதாகிவிடும். தாள் உறிஞ்சி வைத்திருக்கும் ஈரத்தை எடுத்து முடிக்கவே ஜெல் திணறும். கச்சான் காற்று அடிக்கும் ஆடி, ஆவணி மாதங்களின் பின்னேரம்தான் நம் ஊரில் காற்று நன்றாகக் காய்ந்திருக்கும் நேரம். பிரதிகளை ஃபேன் காற்றில் ஒரு நாள் நிழலில் விரித்து வைத்து, அந்த நேரத்தில் மூடினால் வாடைக் காலம் முடியும்வரை பெரும்பாலும் திறக்க வேண்டி வராது. இரும்பு அலுமாரி வேண்டாம். வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கும் அலுமாரியின் பின்தகட்டில் மழைக் காலத்தில் நீர் வியர்க்கும்.

உறையில்தான் தமிழ் காமிக்ஸ் பாடு கொஞ்சம் சிரமம். அமெரிக்க அளவுக்கு ஆயத்த உறைகளும் அமிலமற்ற அட்டைகளும் வெளிநாட்டில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். தமிழில் கைக்கடக்க அளவு, நடுத்தரம், பெரியது என்று கண்டபடி அளவுகள். புத்தகத்தை அளந்து, ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் கூடுதலாக, உடுப்புப் பொதி செய்யும் தெளிவான பொலிபுரோப்பிலீன் பைகளை வாங்கலாம். பசை வாயை மடக்கி ஒட்டும் பை என்றால், எடுக்கும்போது பசை அட்டையில் பட்டுவிட்டால் மை உரிந்து வரும். வாயை வெட்டி எறிந்துவிட்டு வெறுமனே மடித்து விடுங்கள். பை பிவிசியா என்று சந்தேகம் வந்தால், சூடாக்கிய செப்புக் கம்பியில் அதைத் தொட்டு மறுபடி தீயில் காட்டுங்கள்; தீ பச்சையாக எரிந்தால் அந்தப் பை வேண்டாம். இதை வெளியில் வைத்துச் செய்யுங்கள், புகை நல்லதல்ல. பின்னால் வைக்க சாம்பல் நிற அட்டை வெட்டிப் போடுவார்கள், அது அமிலம் கக்கும். அதைவிட நல்ல ஏ4 பிரதித் தாள் நான்கைந்து சேர்த்து வைப்பது மேல். இக்காலத்துப் பிரதித் தாள்களில் பெரும்பாலும் சுண்ணாம்புப் பொடி கலந்திருக்கிறது.

புதிதாக வந்த பிரதியைப் பழையவற்றோடு அன்றே சேர்க்காதீர்கள். வெள்ளிப்பூச்சியும் அதன் முட்டையும் அதோடு வரும். பிரதியைப் பையில் இறுக்கி மூடி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் இரண்டு கிழமை வைத்து, எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்காமல் விடுங்கள். உடனே திறந்தால் நம் ஊர் ஈரம் தாளில் நீராகப் படியும். கிழிசலுக்குச் செலோடேப் போடவே கூடாது. கோதுமை மாப்பசையும் வேண்டாம், அது பூச்சிக்கு விருந்து. மீதைல் செலுலோஸ் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு பக்கத்துக்கும் வேறு. மார்வெலில் சாதாரண இதழ் 12 சென்ட் என்றால் 1962 முதல் 1969 வரை உள்ளது. பார்கோடு 1976 அளவில்தான் அட்டைக்கு வந்தது. அதற்கு முந்திய தேதி போட்ட இதழில் பார்கோடு இருந்தால் அது பிந்திய மறுபதிப்பு. 1974 முதல் 1976 வரை உள்ள மார்வெல் இதழ்கள் பலவற்றின் வாசகர் கடிதப் பக்கத்தில் வெட்டி ஒட்டும் முத்திரை ஒன்று இருக்கும். வூல்வரின் முதன்முறையாக முழுதாக வரும் 1974இன் ஹல்க் 181இல் அந்த முத்திரை வெட்டப்பட்டிருந்தால் விலை பாதிக்கு மேல் சரியலாம். அந்தப் பக்கத்தின் படத்தைக் கேட்காமல் ஏலத்தில் இறங்கக் கூடாது. பிரிட்டிஷ் காசான பென்ஸில் விலை போட்ட மார்வெல் இதழ்கள் போலி அல்ல. பிரிட்டனுக்காக அமெரிக்காவிலேயே அதே அச்சில் அடித்தவை, பொதுவாகச் சற்று மலிவு.

வெள்ளைக்காரன் நேவி விட்டுப் போன பெட்டியில் இருந்தது என்று ஒருவர் ஸ்பைடர்மேன் காட்டினால் நம்பாதீர்கள். பிரிட்டிஷ் கடற்படை நம் துறைமுகத்தைக் கையளித்தது 1957இல். ஸ்பைடர்மேன் வந்தது 1962இல்.

தமிழ்ப் பிரதியில் முதலில் எண்ண வேண்டியது பக்கங்களை. நடுத்தாள் இல்லாமல் போவது மிகச் சாதாரணம், நடுவில் கதை தாவுகிறதா என்று வாசித்துப் பார்த்தால்தான் தெரியும். பைண்டிங் பண்ணியவற்றில் ஓரம் வெட்டப்பட்டு வசனக் கூண்டு பாதியில் நிற்கும், அட்டையும் கிழித்தெறியப்பட்டிருக்கும். சிலவற்றில் பின் முதுகோரமாகப் பக்கவாட்டில் அடித்திருக்கும். அதை முழுதாக விரிக்கப் போனால் முதுகு பிளந்துவிடும். முத்துவின் பழைய கதைகள் பல பின்னர் காமிக்ஸ் கிளாசிக்ஸ் பெயரில் மறுபதிப்பாக வந்தன. கதையின் பெயரை மட்டும் கேட்டு முதற்பதிப்பு விலை கொடுத்துவிடக் கூடாது. அட்டை விலையும் இதழ் எண்ணும் தெரியும்படி படம் கேளுங்கள். தேடும் இடம் என்றால் கொழும்பு டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகள், சென்னை போய் வருபவர்கள், அதைவிட முக்கியமாக நம் ஊர் வீடுகள். இடப்பெயர்வும் 2004 சுனாமியும் போக மிஞ்சியவை உவர்மலையிலோ தம்பலகாமத்திலோ ஒரு ட்ரங்குப் பெட்டியின் அடியில் இன்னும் இருக்கக்கூடும்.

அமெரிக்க இதழ்களின் அச்சு அசலான மறுபதிப்புகள் மூன்றாவது வழி. வாசிக்க நல்லவை, விலையும் குறைவு, கெட்டுப்போனால் வேறொன்று வாங்கலாம். பழையதைச் சேர்ப்பவருக்கு அவை துணைதான்.

மறுவிற்பனையில் அமெரிக்கப் பிரதி வேகமாகப் போகும், உலகம் முழுக்க வாங்க ஆள் உண்டு. ஆனால் இங்கிருந்து அனுப்பும் தபாற்செலவும் காப்புறுதியும் சாதாரண இதழ்களின் இலாபத்தை விழுங்கிவிடும். விலை உயர்ந்த ஒன்றிரண்டுக்குத்தான் கட்டும். தமிழ்ப் பிரதி விற்க நாள் எடுக்கும், வாங்குபவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருக்கிறார்கள், பணமாக வாங்குவதைவிட இல்லாத இதழுக்கு மாற்றிக்கொள்வதையே பலரும் விரும்புகிறார்கள். இரண்டு பிரதி உள்ள இதழ்களைத் தனியாகப் பட்டியல் போட்டு வைத்தால், அந்த மாற்றிலேயே சேகரிப்பு பெருகும். அமெரிக்கப் பக்கம்தான் மனம் போகிறது என்றால் 4.0க்கும் 6.0க்கும் நடுவில் உள்ள, உறையில் மூடாத எழுபதுகளின் இதழ்களாகப் பாருங்கள். அந்த நிலையில் இருப்பதற்கு நம் காற்றால் இழக்க அவ்வளவு மிச்சம் இருக்காது. பின்னின் படத்தை மட்டும் உள்ளும் புறமும் கேட்டு வாங்குங்கள்.