மதியம் மைதானத்தில் யார் நிற்கிறார்? வடசென்னை கத்தோலிக்க ஆண்கள் பள்ளிகளின் மாணவர் நலன், ஒரு மதிப்பீடு

பாரிமுனை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கம் பையனுக்கு ஸ்கூல் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது ரிசல்ட். அடுத்து, "ஃபாதர் ஸ்கூல்தானே, ஸ்ட்ரிக்ட்டா இருப்பாங்க" என்று தாங்களே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். ஆர்மேனியன் தெருவில் செயின்ட் மேரீஸ் தொடங்கியது 1839-இல். அந்தக் காலத்திலிருந்தே ஊர் இந்தப் பள்ளிகளை இந்த இரண்டு அளவுகோல்களை வைத்தே அளந்து வருகிறது. இங்கே அவை இரண்டும் இல்லை. காலை பிரேயர் மணியிலிருந்து சாயங்காலம் பஸ் ஏறும் வரை பையன் எப்படி இருக்கிறான், யாரோடு இருக்கிறான், தொந்தரவு வந்தால் யாரிடம் போகிறான் என்பதற்கு மட்டும்தான் இந்த மதிப்பீடு. குறைகளைச் சொல்லும் இடங்களில் பள்ளியின் பெயர் இல்லை. ஒரே குறை ஒன்றுக்கு மேற்பட்ட வளாகங்களில் இருக்கிறது.

முதலில் நல்லது. இந்தப் பள்ளிகளின் பெரிய பலம் கவுன்சலிங் அறை அல்ல, மதிய மைதானம். டான் போஸ்கோ என்ற இத்தாலியக் குரு தொடங்கிய சலேசிய சபையார் நடத்தும் பள்ளிகளில் 'அசிஸ்டென்ஸ்' என்று ஒரு வழக்கம் உண்டு. வாட்ச்மேன் மாதிரி ஓரமாக நின்று கண்காணிப்பது அதற்குப் பொருள் அல்ல. ஃபாதரோ பிரதரோ பையன்களுக்கு நடுவே இருக்க வேண்டும். பந்து வந்தால் உதைக்க வேண்டும். தனியாக உட்கார்ந்திருப்பவனிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். தண்டிப்பதற்கு முன்னால் தவறு நடக்காமல் தடுப்பது என்பதுதான் டான் போஸ்கோவின் முறை. பகுத்தறிவு, சமயம், அன்பு மூன்றும் அதன் தூண்கள். 1884-இல் ரோமிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான்: பெரியவர்கள் மைதானத்தை விட்டு ஒதுங்கிவிட்டார்கள், பையன்கள் மனம் திறப்பது நின்றுவிட்டது. 140 வருஷத்துக்குப் பிறகும் நம் ஊர் பள்ளிகளில் கெட்டுப்போவது அதே இடத்தில்தான். ஃபாதருக்கு அலுவலக வேலை கூடுகிறது, ஆசிரியர்களுக்கு எமிஸ் (மாணவர் விவரங்களை அரசு இணையதளத்தில் ஏற்றும்) பதிவு வேலை சேர்கிறது, மதியம் 40 நிமிஷம் மைதானம் பி.இ.டி. (உடற்கல்வி) சார் ஒருவர் தலையில் விழுகிறது. ஆயிரம் பையனுக்கு ஒரு விசில். அங்கே அசிஸ்டென்ஸ் என்று எதுவும் மிச்சமில்லை.

ஆள் போதவில்லை என்பது உண்மைதான். ஆனால் அட்டவணை போட்டால் சமாளிக்கலாம். ஒரு நாளைக்கு 5 பேர்: மைதானத்தில் 2, படிக்கட்டில் 1, டாய்லெட் பக்கம் 1, தண்ணீர்க் குழாய் அருகே 1. சண்டைகள் பெரும்பாலும் தொடங்குவது மைதானத்தின் நடுவில் இல்லை; குழாயடியிலும் இரண்டாம் மாடி திருப்பத்திலும்தான். அட்டவணையில் பெயர் இருந்தும் ஆள் ஸ்டாஃப் ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பயனில்லை. அன்றைக்கு முறை உள்ளவருக்கு முந்தின பீரியடை ஃப்ரீயாக விட்டு, முன்னதாகவே சாப்பிட வைக்கிற பள்ளியில் மட்டும் இது ஓடுகிறது.

மைதானத்தைப் பங்கு போடுவதும் முக்கியம். பிளஸ் ஒன், பிளஸ் டூ பையன்கள் ஃபுட்பாலோடு இறங்கிவிட்டால் ஆறாம் வகுப்புப் பொடியன்கள் சுவரோரம் ஒதுங்கி நிற்பார்கள். கிழமை பிரித்துக் கொடுக்கும் பள்ளியில் சின்னவர்களும் ஓடுகிறார்கள். 12 வயதுக்குக் கீழே 4-ஆம் நம்பர் பந்து, மேலே 5-ஆம் நம்பர். எல்லோருக்கும் 5-ஐ வாங்கிப்போட்டு, சின்னப் பையன் கால் வலிக்கிறது என்று ஒதுங்கினால் அவனுக்கு ஆர்வமில்லை என்று எழுதிவிடக் கூடாது.

ஓட விருப்பமில்லாத பையனுக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். வடசென்னையில் இதற்குப் பதில் தேடிக் கஷ்டப்பட வேண்டியதில்லை, கேரம் இருக்கிறது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். 10 போர்டு போட்டால் ஒரே நேரத்தில் 40 பேர் உட்காரலாம். ஆட்டப் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம் உள்ள முழு அளவு போர்டாக இருக்க வேண்டும். அதைவிடச் சின்னதில் பழகினால் போட்டியில் கை கணக்குத் தப்பும். ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. ஐப்பசி மழையில் தரையில் படுக்கப்போட்ட போர்டு உப்பிவிடும். சுவரில் சாய்க்காமல் மரச் சட்டத்தில் செங்குத்தாக நிறுத்த வேண்டும். மூடிய அறையில் போரிக் பவுடரை வாரி இறைத்து ஆடுவது நல்லதல்ல. ஸ்டார்ச் பவுடர் வாங்கச் சொல்லுங்கள். எண்ணூர், மணலி பக்கத்திலிருந்து வரும் வீசிங் பையன்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுடைய இன்ஹேலர் பையனின் பையில் இருக்க வேண்டும், ஆபீஸ் பீரோவில் அல்ல.

அடுத்தது டாய்லெட். இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். தூய்மைப் பள்ளித் திட்ட வழிகாட்டுதலில் ஒரு யூனிட் என்றால் ஒரு கழிப்பறை, மூன்று சிறுநீர்ப் பிறைகள். 40 மாணவருக்கு ஒரு யூனிட் இருந்தால் நல்லது. 1,200 பேர் படிக்கும் பள்ளிக்குக் கணக்குப் போட்டால் 30 கழிப்பறை, 90 பிறை. பழைய கட்டடங்களில் இந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் கூட வராது. ஆனால் எண்ணிக்கையை விடத் தாழ்ப்பாள்தான் பையனைப் பாதிக்கிறது. தாழ்ப்பாள் இல்லாத கதவை வெளியிலிருந்து தள்ளிச் சிரிப்பது ஆண்கள் பள்ளியில் 'விளையாட்டு'. அதற்குப் பயந்தவன் காலை முதல் தண்ணீர் குடிக்கமாட்டான், மதியம் தலைவலி என்பான், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பாத்ரூமுக்கு ஓடுவான். தண்ணீர் குடிக்க நினைவூட்டும் 'வாட்டர் பெல்' அடிக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லும் பள்ளியில் தாழ்ப்பாளையும் எண்ணிப் பாருங்கள். ஒரு தாழ்ப்பாளுக்கு ஆகும் செலவு ஒரு பரிசுக் கோப்பைக்கு ஆகும் செலவை விடக் குறைவு; பரிசுக் கோப்பை மட்டும் வருஷா வருஷம் வாங்குகிறார்கள்.

சாப்பாட்டு விஷயம் கொஞ்சம் சிக்கல். இப்பள்ளிகள் பலவற்றில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன: அரசு உதவி பெறும் தமிழ் மீடியம் ஒன்று, ஃபீஸ் கட்டும் சுயநிதி இங்கிலீஷ் மீடியம் இன்னொன்று. முதல் பிரிவில் 10-ஆம் வகுப்பு வரை சத்துணவு உண்டு. 1 முதல் 5 வரை முதலமைச்சரின் காலை உணவு, 2025 ஆகஸ்ட் 26 முதல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்திருக்கிறது. ஆறாம் வகுப்புக்குப் போனதும் காலை உணவு நின்றுவிடும். அம்மா விடியற்காலையில் மீன் எடுக்கக் காசிமேடு போகிற வீட்டில் 11 வயசுப் பையன் வெறும் வயிற்றோடு வருவது சகஜம். பிரேயரில் மயங்கி விழுகிறவனுக்கு குளுக்கோஸ் கொடுத்து உட்காரவைப்பதோடு நிற்கிறார்களா, அவன் பெயரை எழுதி வைத்து மறுநாளும் கேட்கிறார்களா? சில இடங்களில் ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையார் மூலம் அமைதியாக டிபன் ஏற்பாடு நடக்கிறது. யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று மைக்கில் சொல்லாதவரை அது மிக நல்ல ஏற்பாடு.

இரண்டு மீடியமும் தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிடும் பள்ளியில் 'நாம் ஒரே குடும்பம்' என்ற போர்டு எத்தனை பெரிதாக இருந்தாலும் கணக்கில் வராது. தட்டு ஏந்துகிறவன் ஒரு பக்கம், டிபன் பாக்ஸ் திறக்கிறவன் இன்னொரு பக்கம். ஒரே நிழலில் உட்கார வைப்பதற்குச் செலவே இல்லை. ஹவுஸ் பிரிக்கும்போது இரு மீடியத்தையும் கலந்து சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று போட்டால் ஸ்போர்ட்ஸ் டே அன்றாவது ஒருவன் பெயர் இன்னொருவனுக்குத் தெரியும். இதைச் செய்யும் பள்ளிக்குத்தான் சமூக வாழ்வு என்ற தலைப்பில் முழு மதிப்பெண்.

கவுன்சலிங் சேவைக்குப் பாதி மதிப்பெண்தான் தர முடியும். ஆளை நியமித்திருக்கிறார்கள், அது முன்னேற்றம். ஆனால் அறை எச்.எம். அறைக்குப் பக்கத்தில் இருக்கும். உள்ளே போகிறவனைப் பார்த்து வராண்டாவே 'டேய் மென்டலாடா' என்று கேட்கும். லைப்ரரி பக்கமோ மாடிக் கோடியிலோ அறையைப் போட்டு, கதவில் சின்னக் கண்ணாடி வைத்தால் ஆள் இருப்பது தெரியும், பேசுவது கேட்காது. வகுப்பில் எல்லோர் எதிரிலும் 'உன்னைக் கவுன்சலர் கூப்பிடுறார்' என்று சொல்லாமல், மற்ற சீட்டுகளோடு கலந்து ஒரு சீட்டு அனுப்பலாம். பாடம் நடத்துகிற ஆசிரியரே கவுன்சலராகவும் இருந்தால் பையன் வாயைத் திறக்கமாட்டான். மார்க் போடும் கை அது.

கத்தோலிக்கப் பள்ளிக்கே உரிய இன்னொரு நுணுக்கம் உண்டு. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது செய்த பாவங்களைக் குருவிடம் தனியாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் சடங்கில், கேட்டதைக் குரு எக்காரணம் கொண்டும் வெளியே விடவோ பயன்படுத்தவோ கூடாது. அது மீற முடியாத முத்திரை. எனவே, அங்கே ஒரு பையன் 'என்னை ஒருத்தர் தொல்லை பண்றார்' என்று சொன்னால் குருவால் நடவடிக்கை எடுக்க முடியாது. வெளியே வந்து கவுன்சலரிடம் சொல்லும்படி அவனைத் தூண்டத்தான் முடியும். ஆகவே இரண்டு கதவும் தனித்தனியாக இருக்க வேண்டும், பையனுக்கு வித்தியாசம் புரியும்படி ஜூனிலேயே சொல்லிவிட வேண்டும். ஹாஸ்டல் உள்ள இடங்களுக்குத் திருச்சபைச் சட்டத்தின் 985-ஆம் எண் பொருந்தும்: நிறுவனத் தலைவராக இருக்கும் குரு, அதே வீட்டில் தங்கும் மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக் கூடாது; மாணவர் தாமாகவே கேட்டுக்கொண்டால் மட்டும் விலக்கு. அதிகாரமும் மனச்சாட்சியும் ஒரே ஆளிடம் சேரக் கூடாது என்ற எச்சரிக்கை அது.

கவுன்சலரும் 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று மொத்தமாகச் சத்தியம் செய்யக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பையன்களுக்கும் சேர்த்துத்தான். ஆண்கள் பள்ளிகளில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரிவு 19-இன்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறை; தன் கீழ் வேலை செய்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஒரு வருஷம் வரை. 'முதலில் நாங்கள் உள்ளேயே விசாரிக்கிறோம்' என்று பதில் வந்தால், அந்தப் பள்ளிக்குச் சட்டம் தெரியவில்லை அல்லது தெரிந்தும் பயப்படுகிறது.

புகார்ப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதைக் கண்டிப்பாகப் பாருங்கள். சிசிடிவிக்கு நேர் கீழே மாட்டியிருந்தால் அது அலங்காரப் பொருள். பூட்டுக்கு இரண்டு சாவி, இரண்டு வேறு ஆட்களிடம். வாரம் ஒரு நாள் சேர்ந்து திறந்து, என்ன வந்தது, என்ன செய்தோம் என்று நோட்டில் ஒரு வரி. 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வி உதவி எண்) இரண்டும் பெட்டி மேல் எழுதியிருக்க வேண்டும். மன உளைச்சலுக்கு 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண்.

ஒழுங்கு விஷயத்தில் பழைய பழக்கம் போகவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியை மட்டுமல்ல, மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ஆனாலும் 'புள்ளிங்கோ கட்டிங்' என்று பிரேயரில் நிறுத்திக் கத்தரியால் முடியை வெட்டும் காட்சி இன்னும் நடக்கிறது. அடுத்த நாள் அந்தப் பையன் லீவு, அதற்கடுத்த நாள் அவன் கூட்டாளியும் லீவு. லேட்டாக வந்தால் கேட்டைச் சாத்துவது அதைவிட ஆபத்து. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிவிட்டால் பையன் என்ன செய்வான்? வெளியே நிறுத்தினால் வீட்டுக்குத் திரும்பமாட்டான். யூனிஃபார்மோடு கடற்கரைக்கோ, தெரிந்த அண்ணன்களோடோ போவான். உள்ளே விட்டு, லேட் நோட்டில் எழுதி, மாதத்தில் மூன்று தடவை ஆனால் வீட்டுக்கு போன் செய்கிற பள்ளிதான் கணக்கு தெரிந்த பள்ளி. சாயங்காலம் நாலு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் ஒரு சார் நிற்பதும் இதே கணக்குத்தான். ஃபுட்போர்டில் தொங்குவது பாதி குறையும்.

மத விஷயத்தில் பெரிய குறை சொல்வதற்கில்லை. கத்தோலிக்கப் பையனுக்கு மறைக்கல்வி, மற்றவருக்கு நீதிபோதனை, ஒரே பீரியடில். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கேட்காமலே அனுப்புகிறார்களா, ஒவ்வொரு வாரமும் லெட்டர் கேட்கிறார்களா என்பதை வண்ணாரப்பேட்டைப் பெற்றோர் விசாரித்துக்கொள்ளலாம். நீதிபோதனை பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்வது எல்லாப் பள்ளியிலும் உள்ள வியாதி.

பார்க்கப் போவதென்றால் அட்மிஷன் நாளில் போகாதீர்கள்; அன்றைக்கு ஃபினாயில் வாசனை மட்டும்தான் கிடைக்கும். சாதாரண செவ்வாய்க்கிழமை, மதிய மணி அடித்துப் பத்து நிமிஷம் கழித்து, ஃபீஸ் விசாரிக்க வந்ததாகச் சொல்லிவிட்டு மைதானத்துப் பக்கம் நில்லுங்கள். ஃபாதர் வரும்போது பையன்கள் அவரை நோக்கி ஓடுகிறார்களா, சிதறி ஓடுகிறார்களா என்று பாருங்கள். பிறகு ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனிடம், டாய்லெட் எங்கே தம்பி என்று கேளுங்கள்.